முதல் பக்கத்துக்கு எண் இரண்டு

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் வகுப்பு நேரத்தில் கைப்பேசியை ஆசிரியர் அறையில் வைத்துவிட வேண்டும். அண்ணன் ஐந்து முறை அழைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பள்ளியின் எண்ணுக்கே அழைத்திருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். எழுத்தர் வாசலில் வந்து நின்றார். எப்போதும் தாழ்வாரம் அதிரப் பேசுகிறவர், அன்று என் பக்கத்தில் வந்து, போனில் அண்ணன் இருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார்.

போனை எடுத்தேன். "நீ கொஞ்சம் வா" என்றார் அண்ணன்.

"என்னண்ணா?"

"உங்க அண்ணி கூப்பிட்டா பேச மாட்டேங்கிறா. டாக்டர் வந்து பாத்துட்டார். நீ வா."

போனை வைத்துவிட்டு வகுப்பை அப்படியே விட்டுக் கிளம்பினேன்.

அண்ணிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மருந்துக் கடைக்குப் போய்வர இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. வந்தபோது மேசைமேல் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று எண்ணி, சத்தம் வராமல் மருந்தை வைத்துவிட்டு அடுப்பில் வெந்நீர் போட்டிருக்கிறார். வெந்நீர் கொதித்த பிறகுதான் போய் எழுப்பினார். இதயம் என்றார் டாக்டர். வயது ஐம்பத்து மூன்று.

அண்ணியைப் பற்றி எழுத வேண்டுமானால் அவருடைய வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். வேலைக்கு வெளியே அவருக்கு ஒரு வாழ்க்கை இல்லை என்று பொருள் இல்லை. நிறைய சிரிப்பார், அண்ணனின் சட்டைக் காலர்களைப் பற்றி ஓயாமல் குறை சொல்வார், அவருக்கும் எனக்கும் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. "நாத்தனார்னா மூக்கறுக்கணும்னு சொல்லுவாங்க, நீ பென்சில்கூட ஒழுங்கா சீவ மாட்டேங்கிறே" என்பார். ஆனால் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது அவர் அலுவலகத்தில் நடந்த ஒரு காரியத்தால். அது எட்டு வருடத்துக்கு முந்தையது.

அண்ணி வேலை பார்த்தது ஓர் ஆவணத் தயாரிப்பு அலுவலகம். மாடியில் மூன்று அறை, ஆறு பேர். வாடகை ஒப்பந்தம், பாகப் பத்திரம், கூட்டுத் தொழில் ஒப்பந்தம் என்று யார் வந்து என்ன கேட்டாலும் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். ஒரு தரப்புக்காக வாதாடும் வேலை கிடையாது. இரண்டு பக்கமும் பேசி முடிப்பதை எழுதித் தருவதுதான் தொழில். பேசி முடியும்வரை ஒரே ஆவணம் நான்கைந்து முறை மாறும். அதுவரைக்கும் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும், எழுத்துகளுக்குப் பின்னால், வெளிறிய சாம்பல் நிறத்தில் சாய்வாக 'வரைவு' என்று பெரிதாக ஒரு சொல் கிடக்கும். அதைத்தான் வாட்டர்மார்க் என்பார்கள். எல்லாம் முடிவானதும் அதை எடுத்துவிட்டு அச்சடிப்பார்கள். அந்தச் சொல் இருந்தால் பேச்சு நடக்கிறது என்று பொருள், இல்லாவிட்டால் முடிந்துவிட்டது என்று பொருள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

இன்னொரு பழக்கமும் அந்த அலுவலகத்துக்கு உண்டு. ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருந்தாலும் சாரத்தை முதல் பக்கத்திலேயே எழுதி, அதன் அடியிலேயே கையெழுத்து வாங்குவார்கள். விவரமெல்லாம் பின்பக்கங்களில். "கடைசிப் பக்கம்வரை யாரும் படிக்கிறதில்ல, கையெழுத்துப் போடற இடத்துலயாவது விஷயம் இருக்கட்டும்" என்பது முதலாளியின் கட்சி. நல்ல எண்ணம்தான்.

வாட்டர்மார்க்கைக் கையால் போடுவது பெரிய வேலை இல்லை. ஆவணத்தைத் திறக்க வேண்டும், பட்டியலில் தேட வேண்டும், சொல்லைத் தட்ட வேண்டும், சேமிக்க வேண்டும். ஓர் ஆவணத்துக்கு ஒரு நிமிடம். ஆனால் அந்த வருடம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று அதிலிருந்த நாற்பத்தாறு கடைக்காரர்களுக்கும் தனித்தனி ஒப்பந்தம் எழுதும் வேலை வந்தது. ஒவ்வொரு சுற்றுப் பேச்சுக்கும் நாற்பத்தாறு வரைவு. அண்ணிக்கு அப்போது வலது மணிக்கட்டு வலி. பட்டை கட்டிக்கொண்டுதான் மவுஸைப் பிடிப்பார்.

"கைக்கு ஓய்வு குடுக்கணும்னு டாக்டர் சொல்றார், முதலாளி நாற்பத்தாறுங்கிறார்" என்று என்னிடம் சொன்னார். "ரெண்டு பேரையும் திருப்திப்படுத்த ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

வழி, கணினி நிரல் எழுதுவது. அண்ணி படித்தது வணிகவியல். நிரல் எழுத யாரும் கற்றுத் தரவில்லை. ஆவணம் தட்டும் மென்பொருளிலேயே ஒரு பதிவு வசதி இருக்கிறது. அதைத் தொடங்கிவிட்டு நாம் ஒரு வேலையைச் செய்தால், செய்ததை எல்லாம் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அண்ணி ஒரு முறை வாட்டர்மார்க் போட்டுப் பதிவு செய்து, எழுதி வைத்ததைத் திறந்து பார்த்தார். புரிந்த வரிகளை வைத்துக்கொண்டு புரியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். எதை நீக்கினால் எது உடைகிறதோ அதன் பொருள் அது என்று கற்றுக்கொண்டார். அவரே சொன்ன உவமை, சமையலறையில் மூடியில்லாத டப்பாக்களை முகர்ந்து பார்ப்பது போல என்பது.

மூன்று வாரத்தில் நிரல் தயார். கோப்புறையில் நாற்பத்தாறு ஆவணங்களைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொன்றாகத் திறந்து, குறுக்கே சாம்பல் நிறத்தில் எழுதி, மூடிவிடும். ஒன்றரை நிமிடம். அலுவலகமே அவர் மேசையைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறது. அங்கே ஒருவர் இருந்தார், சூடு ஆறுவதற்குள் தேநீரைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். அவருக்குப் பெயரே 'அவசரம்'. அவர், "இது எங்களுக்கெல்லாம் சீட்டுக் கிழிக்கிற வேலை ஆச்சே அக்கா" என்றாராம். முதலாளி அடுத்த மாதத்திலிருந்து அண்ணிதான் பிரிவுத் தலைவர் என்று அங்கேயே சொன்னார்.

இனி அந்த நிரலில் இருந்த பிழை. அதை எளிதாகச் சொல்ல முடியும். வாட்டர்மார்க் பக்கத்தின் நடுவில் தெரிந்தாலும் அது உண்மையில் உட்கார்ந்திருப்பது பக்கத்தின் தலையில், ஹெடர் என்று சொல்லப்படும் மேல் பட்டையில். ஹெடர் ஒரே வகை இல்லை, மூன்று உண்டு. சாதாரணப் பக்கங்களுக்கு ஒன்று. முதல் பக்கத்துக்குத் தனியாக வேண்டுமென்றால் ஒன்று. இரட்டை எண் பக்கங்களுக்குத் தனியாக வேண்டுமென்றால் ஒன்று. நிரலில் இவற்றை எண் கொடுத்து அழைக்க வேண்டும். அண்ணி எண் ஒன்று என்று எழுதினார். ஒன்று என்றால் முதல் பக்கம், அங்கே போட்டால் தொடர்ந்து எல்லாப் பக்கத்துக்கும் போகும் என்று நினைத்துவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் எண் ஒன்று சாதாரணப் பக்கங்களுக்கு உரியது. முதல் பக்கத்துக்கு எண் இரண்டு.

வெற்றுத் தாள்களில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் அவற்றில் முதல் பக்கத்துக்குத் தனி ஹெடர் கிடையாது. கடைக்காரர்களின் ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் மட்டும் அலுவலகத்தின் பெயரும் முத்திரையும் இருந்தன. ஆகவே அதற்குத் தனி ஹெடர். நிரல் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டது. அண்ணி நாற்பத்தாறையும் சரிபார்த்தார். இரண்டாம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் பார்த்தார். "தப்பு வந்தா கடைசியிலதான் வரும்னு நினைச்சேன்" என்று பிறகு சொன்னார். "முதல் பக்கம் கண்ணு முன்னாடியே இருக்கே, அதைத் தனியா என்னத்தைப் பாக்கறது."

நாற்பத்தாறு வரைவுகளும், முதல் பக்கத்தில் 'வரைவு' இல்லாமல், கட்டட மேனேஜர் கையில் போய்ச் சேர்ந்தன.

அது முதல் சுற்று. கடைக்காரர்கள் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும், புதுக் கட்டடத்தில் இடம் கிடையாது என்று உரிமையாளர் தரப்பு தன் ஆசையை எல்லாம் எழுதியிருந்தது. இப்படித்தான் தொடங்குவார்கள். கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து பேசி, நான்கு மாதத்தில், கட்டி முடித்ததும் எல்லோருக்கும் பழைய தளத்திலேயே இடம் என்று முடிவானது. எல்லோருக்கும் என்றால் நாற்பத்தைந்து பேருக்கு.

மீதி ஒருவர் தையல்காரம்மா. வாசலை ஒட்டின மூலைக் கடை அவருடையது. பள்ளிச் சீருடை தைப்பவர், எங்கள் பள்ளிக்கும் அவர்தான். மேனேஜர் முதல் வரைவைக் கொடுக்க வந்தது பள்ளி திறக்கும் வாரத்தில். கழுத்தில் நாடா தொங்க, வாயில் குண்டூசி கவ்வியபடி, இயந்திரத்தை மிதித்துக்கொண்டே, "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்தும்மா" என்றவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் படித்துவிட்டுப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் அந்தம்மா கையெழுத்துப் போட்ட முதல் பக்கத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டு மீதி ஐந்து பக்கங்களை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். அந்த மூலைக் கடைமேல் மேனேஜருடைய மச்சானுக்கு நெடுநாளாகக் கண்.

இறுதி ஒப்பந்தம் எல்லோருக்கும் வந்தபோது தையல்காரம்மாவுக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால், "நீங்கதான் அப்பவே கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டீங்களே" என்று அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டினார் மேனேஜர்.

நகலை எடுத்துக்கொண்டு நேரே அண்ணியின் அலுவலகத்துக்கு மாடியேறி வந்துவிட்டார். அன்று நடந்ததை அண்ணி எனக்கு வரி விடாமல் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, நீங்க எழுதறதுதானே இது?"

"ஆமாங்க, எங்க முத்திரைதான்."

"பேச்சு முடியறவரைக்கும் குறுக்கே எழுதியிருக்கும்னு எங்க சங்கத்துத் தலைவர் சொல்றார். இதுல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

அண்ணி நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகலெடுத்ததில் மங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாராம். "மீதிப் பக்கமெல்லாம் எங்கேங்க?"

"அது நல்லா கெட்டித் தாளா இருந்துச்சு. காலருக்கு அளவு வெட்டிட்டேன்."

பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார். பிறை பிறையாக ஆறு துண்டு. ஒன்றில் சாம்பல் நிறத்தில் ஓர் எழுத்தின் வால் இருந்தது. பக்கத்தில் நின்ற அவசரம், "காலருக்கு வாட்டர்மார்க் போட்ட ஒரே தையல்கடை உங்களுதுதான்" என்றார். தையல்காரம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "உன் சட்டைக் காலரும் எனக்குத் தெரியுது தம்பி, அதைப் பத்தி நான் பேசலையே" என்றாராம். அண்ணி சிரிக்கவில்லை. அவர் அதற்குள் கணினியில் கோப்பைத் திறந்திருந்தார். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த கோப்பைத் திறந்தார். அதிலும் அப்படியே. பத்துக் கோப்பு பார்த்ததும் போதும் என்று நிறுத்திவிட்டு, "நீங்க போங்கம்மா, நான் பாக்கறேன்" என்றார்.

தையல்காரம்மா சமரச அதிகாரியிடம் மனு கொடுத்தார். வாடகைத் தகராறுகளை வழக்காகும் முன் பேசித் தீர்க்க ஒரு அதிகாரி உண்டு. அவர் அண்ணியின் அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். உங்கள் அலுவலக நடைமுறைப்படி, 'வரைவு' என்ற குறி இல்லாத பக்கம் இறுதிப் பக்கமாகக் கருதப்படுமா?

முதலாளி அண்ணியைக் கூப்பிட்டுப் பதிலைச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னார். ஆம், எங்கள் நடைமுறைப்படி குறி இல்லாத பக்கம் இறுதிப் பக்கமே. அவ்வளவுதான், ஒரு வரி.

"சார், அந்த நாற்பத்தாறுலயும் முதல் பக்கத்துல குறி விழலை. என் மேக்ரோவுல தப்பு" என்றார் அண்ணி. நிரலை அவர் மேக்ரோ என்றுதான் சொல்வார்.

"தெரியும். நீ நேத்தே சொன்னியே."

"அப்ப அதையும் எழுதணும் இல்லையா?"

"அவர் அதைக் கேக்கலையேம்மா. கேட்டதுக்குப் பதில் சொல்றோம். சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"பொய் இல்லை சார்."

"பின்ன? நாற்பத்தாறு ஒப்பந்தம் ஓட்டையோட அனுப்பினோம்னு நாமே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் படியேறுவான்? இந்த மேனேஜர் கையில இன்னும் ரெண்டு கட்டடம் இருக்கு. நீயும் அடுத்த மாசம் பிரிவுத் தலைவர். யோசிச்சுக்கோ."

அன்று மாலை அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பையைக்கூட வைக்காமல், "நீ படிச்சவ, சொல்லு. உண்மையைச் சொல்லி ஒருத்தி கடையைப் புடுங்க முடியுமா?" என்று கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு நான், முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் வேலையையும் பார்க்க வேண்டும், அண்ணனுக்கு அப்போது வேலை நிலையாக இல்லை, உங்கள் மகள் கல்லூரியில் சேரப் போகிறாள் என்றெல்லாம் சொன்னேன். நான் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அண்ணி தேநீரைக் குடித்து முடித்தார். "அந்தம்மா படிக்காம கையெழுத்துப் போட்டது அவங்க தப்பு. நான் பாக்காம அனுப்பினது என் தப்பு. என் தப்பைச் சொல்லாம அவங்க தப்பை மட்டும் எழுதச் சொல்றாங்க. அதுதான் இடிக்குது" என்றார். பிறகு காலரைப் பற்றின கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் முதலாளி சொன்ன ஒரு வரியைத் தட்டச்சு செய்து, அடியில் இரண்டாவது பத்தி சேர்த்தார். மேற்படி நாற்பத்தாறு வரைவுகளிலும் முதல் பக்கத்துக்கான ஹெடரில் குறி சேர்க்கப்படவில்லை. இது குறி சேர்க்கும் நிரலை எழுதிய என் பிழை. எந்தக் கடைக்காரரின் பிரதியை எடுத்துப் பார்த்தாலும் இதைக் காணலாம். முதலாளி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தார். "அப்ப நானே போட்டுக் குடுத்துடறேன் சார். உங்க கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, தன் பெயரையும் தட்டச்சர் என்ற பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டு, மதிய இடைவேளையில் பேருந்து பிடித்துப் போய்க் கொடுத்தார்.

விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. அண்ணி மடிக்கணினியில் கோப்புகளைத் திறந்து காட்டினார். மேனேஜர், "இப்ப உட்கார்ந்து அழிச்சிருக்கலாமே" என்றார். அதிகாரி பொறுமைசாலி. மற்ற கடைக்காரர்களிடம் இருக்கும் முதல் சுற்றுப் பிரதிகளைக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்தொரு பேரிடம் இருந்தது. பலர் அதில் கணக்குப் போட்டிருந்தார்கள், ஒருவர் பிள்ளையின் படத்துக்கு அட்டையாக ஒட்டியிருந்தார். முப்பத்தொன்றிலும் முதல் பக்கத்தில் குறி இல்லை, மற்ற ஐந்திலும் இருந்தது. "குறி இல்லாததெல்லாம் இறுதின்னா இந்த முப்பத்தொண்ணும் இறுதிதானே, அப்புறம் நாலு மாசம் எதைப் பேசினீங்க?" என்றார் அதிகாரி. தையல்காரம்மாவின் கையெழுத்து வரைவு பெற்றுக்கொண்டதற்கானது என்று எழுதி முடித்தார். மூலைக் கடை தையல்காரம்மாவுக்கே என்றானது.

பிரிவுத் தலைவர் பதவி அவசரத்துக்குப் போனது. முதலாளி அண்ணியை வேலையை விட்டு நீக்கவில்லை. அடுத்த ஒரு வருடம் பழைய கோப்புகளைப் பட்டியலிடும் அறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அறை. அண்ணி அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் பேசினார். "அங்க ஒரு வசதி, அவசரம் பேசறது கேக்காது." அவசரம் கெட்டவர் இல்லை. அவரே மூன்று மாதத்தில் கோப்பறைக் கதவில் வந்து நின்று, "அக்கா, உங்க மேக்ரோவை நான் தொட்டேன், இப்ப எல்லாத்திலயும் தலைகீழா விழுது" என்று ஒப்புக்கொண்டார். வருடம் முடிய அண்ணி பழைய மேசைக்குத் திரும்பினார். பதவி திரும்பவில்லை. கடைசிவரைக்கும் தட்டச்சர்தான்.

நிரலைத் திருத்தி மூன்று ஹெடரிலும் குறி விழும்படி செய்தார். அதோடு ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டார். குறி போடுவதை நிரல் செய்யும். குறியை எடுப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு பக்கமாகப் படித்து. "போடறதுல தப்பு வந்தா ஒரு பக்கம் வெறுமையா போகும். எடுக்கறதுல தப்பு வந்தா ஒரு குடும்பம் வெறுமையா போகும்" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள், எடுக்கவும் ஒரு பொத்தான் செய்து கொடுங்களேன் என்று கேட்டால், "ஏன், படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்பார். இதனால் அவர் கையில் வேலை தேங்கும், அவசரம் பல்லைக் கடிப்பார்.

கட்டடம் எழும்ப இரண்டரை வருடம் ஆனது. தையல்காரம்மா புதுக் கடைக்குப் போனபோது ஐந்து வருட ஒப்பந்தம் எழுதினார்கள். அண்ணிதான் எழுத வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஐந்து வருடம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. புதுப்பிக்கும் ஒப்பந்தத்தையும் அண்ணியிடமே கொடுத்திருந்தார்கள். முப்பதுக்குள் கையெழுத்தாகாவிட்டால் கடையை வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று பழையதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மேனேஜர் மாறிவிட்டார், ஆனால் அந்த மூலைமேல் கண் வைக்க எப்போதும் ஒரு ஆள் இருப்பார் போலும்.

அண்ணி போன பன்னிரண்டாம் நாள் அவசரம் அண்ணனுக்குப் போன் செய்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஆனாலும் கேட்டார். ஒப்பந்தம் அக்காவின் மடிக்கணினியில் இருக்கிறது, பேச்சு முடிந்துவிட்டது, குறியை எடுத்து அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் கணினியை என்னிடம் தந்தார். "நீ திற. எனக்கு அவ மேசையைப் பாக்கவே முடியலை" என்றார். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவருடைய சொந்தப் பிறந்த நாள்தான் அது. எழுதும்போதுதான் அவருக்கே அது உறைத்தது.

திறந்தேன். அண்ணி கடைசியாக விட்ட இடத்திலேயே இரண்டு சாளரங்கள் இருந்தன. ஒன்று தையல்காரம்மாவின் ஒப்பந்தம், ஆறு பக்கம், இதில் இரட்டைப் பக்கங்களுக்கும் தனி ஹெடர் இருந்தது. மற்றொன்று ஒரு புது நிரல். குறியை எடுக்கும் நிரல். எட்டு வருடம் மறுத்ததை எழுத ஆரம்பித்திருக்கிறார். மணிக்கட்டு வலி திரும்பிவிட்டதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நிரல் படித்தவள் இல்லை, ஆனாலும் அவர் ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்ததால் புரிந்தது. மூன்று ஹெடரையும் ஒரே மூச்சில் துடைப்பதாக அவர் எழுதவில்லை. தனித்தனியாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் துடைக்கும் முன் நிரல் நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பக்கங்களைப் படித்தாயிற்றா? ஆம் என்று அழுத்தினால்தான் அந்தக் குறி போகும். எண் இரண்டை முதலில் எழுதியிருந்தார், அதாவது முதல் பக்கம். அடுத்து எண் ஒன்று. எழுதின அளவுக்கு ஒரு முறை ஓட்டியும் பார்த்திருக்கிறார்.

கோப்பை அவசரத்துக்கு அனுப்பினேன். அவர் நிரல் எதையும் தொடவில்லை. மிச்சமிருந்த குறிகளைக் கையால் எடுத்தாராம், ஒவ்வொரு பக்கமாக, வாய்விட்டுப் படித்து. "என் வாழ்க்கையிலேயே ஆறு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டது இதுதான் டீச்சர்" என்றார். இருபத்தெட்டாம் தேதி தையல்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். உரிமையாளர் தரப்பு ஆள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. நான்காம் பக்கத்தில் ஒரு தேதி தவறு என்று சொல்லித் திருத்தச் சொன்னார், உண்மையிலேயே அது தவறாக இருந்தது. திருத்திய பிறகு கையெழுத்துப் போட்டார். கடை இன்னும் ஐந்து வருடத்துக்கு அவருடையது.

மடிக்கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. அண்ணன் திரும்பக் கேட்கவில்லை. அண்ணி எழுதிய நிரலில் எண் மூன்று, இரட்டை எண் பக்கங்கள், என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதன் கீழ் வரி எழுதப்படவில்லை. அவருடைய பிரதியில் இரண்டாம், நான்காம், ஆறாம் பக்கங்களில் 'வரைவு' எடுக்கப்படவில்லை.